டிரில்லுக்கு வைத்த பொட்டு

பினாங்குப் பாலத்து டோலில் இப்போதெல்லாம் ஆள் கிடையாது. அட்டையைத் தொட்டால் கட்டை தானாகத் தூக்கிக்கொள்கிறது. தயாளன் அந்தக் கட்டைக்கும் ஒரு "தேங்க்ஸ்" சொல்லிவிட்டுத்தான் காடியை நகர்த்துவார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்ஸை ஓட்டியே தலை நரைத்தவர். இறங்குகிற ஒவ்வொருவருக்கும் தேங்க்ஸ் சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிட்டது. தே தாரேக் டீ ஆற்றுகிறவருக்கு, பெட்ரோல் ஊற்றுகிறவருக்கு, வழி விட்ட மோட்டார்காரருக்கு, எல்லாருக்கும் உண்டு. மனைவி மோகனாவுக்கு மட்டும் கிடையாது. அவரிடம் போய் நன்றி சொல்வதென்றால், மாலை போட்டுக்கொண்டு மேடையில் மைக் பிடித்துப் பேசுவதுபோல தயாளனுக்குக் கூச்சம். மோகனாவும் அதை எதிர்பார்த்ததில்லை. சொல்லியிருந்தால் உடம்பு சரியில்லையோ என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்திருப்பார்.

அந்தக் கடன் மனதுக்குள் ஏற ஆரம்பித்தது போன வருடம்தான். ஆயர் ஈத்தாம் பாசாரில் மீன்கடைத் தண்ணீரில் வழுக்கி விழுந்ததில் தயாளனின் வலது மணிக்கட்டு முறிந்தது. உள்ளே தகடு வைத்துத் திருகு போட்டார்கள். கை கூடும்வரை மோகனாதான் சோறு பிசைந்து கொடுத்தார், சட்டைக்குப் பொத்தான் போட்டார், தலை வாரிவிட்டார். வகிடு எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஒரு நாள் இடது, ஒரு நாள் வலது. கண்ணாடியைப் பார்த்துத் தயாளன் முறைப்பார். "சும்மா இருங்கலா, சினிமாவுக்கா போறீங்க?" என்பார் மோகனா.

ஆனால் அத்தனைக்கும் நடுவில் மோகனாவுக்கு ஒரு வேதனை இருந்தது. தயாளன் விழுந்த அன்று வெள்ளிக்கிழமை. முந்தின நாள் காய்ச்சலில் படுத்த மோகனா அன்று விளக்கேற்ற மறந்துவிட்டார். கை முறிந்ததற்கு அதுதான் காரணம் என்று அவர் மனதில் விழுந்துவிட்டது. டாக்டர் சொன்னார், மீன்கடைக்காரரே வந்து மன்னிப்புக் கேட்டார், தயாளன் தன் பழைய ஜப்பான் செருப்பின் தேய்ந்த அடியைத் தூக்கிக் காட்டினார். எதுவும் எடுபடவில்லை. "நா வெளக்கேத்தியிருந்தா நீங்க விழுந்திருக்க மாட்டீங்க," என்று சொல்லிச் சொல்லி அழுதார். தைரியசாலிதான், பஸ்ஸில் குடித்துவிட்டுத் தகராறு செய்தவனைக் குடையால் அடித்து இறக்கிவிட்ட பெண்தான். சாமி விஷயம் என்றால் மட்டும் எல்லாப் பழியையும் தன் தலையிலேயே போட்டுக்கொள்வார்.

அந்தக் குடை அடி நடந்ததும் தயாளனின் பஸ்ஸில்தான். தாசேக் கெலுகோர் தோட்டத்திலிருந்து பிழைக்க வந்த தயாளன் தீவில் பஸ் ஓட்ட ஆரம்பித்த புதிதில், டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் தினமும் உட்கார்ந்து வந்தவர் மோகனா. கண்ணாடியில் பார்த்துப் பார்த்தே கல்யாணம் முடிந்தது. அதற்கப்புறம் வாடகை அறை, பிறகு பிளாட், கடைசியில் ஜெலுத்தோங்கில் இந்த வரிசை வீடு. எல்லா இடத்திலும் சாமிப் படம் ஐஸ்பெட்டியின் தலைமேல்தான். ஐஸ்பெட்டி உறுமும்போதெல்லாம் முருகனும் சேர்ந்து நடுங்குவார். மகள் காமினி கல்யாணமாகி ஜோகூர் போன பிறகு சமையல்கட்டை ஒட்டி அவர் சாமான்கள் கிடந்த அறை காலியானது. அதைச் சாமியறை ஆக்க வேண்டும், அதற்கு மணி தொங்கும் இரட்டைக் கதவு வேண்டும் என்பது மோகனாவின் வெகுநாள் ஆசை. கதவு நெடுக வட்ட வட்டமாக ஓட்டை, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு சின்ன வெண்கல மணி. திறந்தாலே ஊர் முழுக்கக் கேட்க வேண்டும்.

தயாளனுக்குத் தச்சு வேலை கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பிடித்த பைத்தியம். வீட்டில் அடைந்து கிடந்தபோது பழைய பலகைகளை உடைத்து முக்காலி செய்தார். முதல் முக்காலி ஆடியது. இரண்டாவது கொஞ்சம் ஆடியது. இப்போது அவர் செய்யும் முக்காலியில் பக்கத்து வீட்டு நோர்மாவின் கனத்த பூனை படுத்துத் தூங்கினாலும் அசையாது. காடி நிறுத்தும் கூரையடி முழுக்கப் பட்டறையாகிவிட்டது. காடி பாவம், தெருவில் வெயில் காய்கிறது.

கதவுக்கு நல்ல பலகை கிடைத்ததும் அதிர்ஷ்டம்தான். ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டைப் பிரித்தபோது தயாளன் வாங்கி வந்த மெராந்தி மரப் பலகைகள் அவை. அவ்வளவு அகலமும் வயதும் உள்ள பலகையை இனிமேல் யாரும் கண்ணில் காட்ட மாட்டார்கள். இரண்டே இரண்டு. தை மாதத்து முதல் வெள்ளிக்குச் சாமியறையைத் திறந்துவிட வேண்டும் என்று இவராகவே வாக்குக் கொடுத்துவிட்டார். வாயால் சொல்ல வராத தேங்க்ஸைக் கதவாகச் செய்து மாட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு.

கை ஒத்துழைக்கவில்லை. வெறும் சோதனைப் பலகையில் கை டிரில்லால் பெரிய வட்ட ஓட்டை போட்டுப் பார்த்தார். அலகு மரத்தைக் கவ்விய கணத்தில் டிரில் திமிறியது, தகடு வைத்த மணிக்கட்டு அதைத் தாங்கவில்லை. ஓட்டை சாய்ந்து, மேலே ஓரிடம் கீழே ஓரிடம் என்று போயிற்று. இன்னொன்று. அதுவும் கோணல். வலியில் கண் கலங்கியபடி அவர் மெராந்திப் பலகைகளைப் பழைய போர்வையால் மூடி வைத்தார். அந்தக் கையை நம்பி அதைத் தொடக்கூடாது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அப்படித்தான் பெஞ்ச் டிரில் தேடும் படலம் தொடங்கியது. தூணில் நிமிர்ந்து நிற்கும் டிரில் அது. பிடியைக் கீழே இழுத்தால் அலகு நேராக இறங்கும், நேராக ஏறும். கை நடுங்கினாலும் அது நடுங்காது. தயாளன் யூடியூபில் விழுந்தார். ஆஸ்திரேலியாக்காரர் ஒருவர் ஒன்றைச் சொன்னார், இந்தோனேசியாக்காரர் வேறொன்றைச் சொன்னார். சோறு ஆறிப் போனது. கடைசியில் ஒரு பேரங்காடியில் பார்த்த சிவப்பு நிறக் குட்டி மிசின்மேல் மனம் போய் உட்கார்ந்துகொண்டது. புதுசு, பளபளப்பு, ஓட்டை விழும் இடத்தைக் காட்ட லேசர் விளக்குகூட உண்டு. பெட்டியில் அளவு 'எட்டு இஞ்சி' என்று கொட்டை எழுத்து. கதவுப் பலகையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஆறு இஞ்சிகூட வராது, எட்டு தாராளம் என்று முடிவு கட்டினார்.

"எதுக்கும் ஹைதர் பாய ஒரு வார்த்த கேட்டுக்கலாமே," என்றார் மோகனா.

ஹைதர் பட்டர்வொர்த் பக்கம், மாக் மண்டின் போகும் சாலையில் பழைய மிசின் கடை வைத்திருக்கிறார். மூடுகிற தொழிற்சாலைகளில் மிசின்களை வாங்கி, கழுவித் துடைத்து, பழுது பார்த்து விற்பவர். தயாளன் அவரிடம்தான் முதல் ரம்பம் வாங்கினார். ஹைதருக்கு வாய் நீளம், வியாபாரத்தைவிடப் பேச்சு அதிகம். இருவரும் போனபோது அந்தச் சிவப்பு மிசினைப் போலவே ஒன்று அவர் கடையிலும் இருந்தது. தயாளன் அதன் அருகில் போய்த் தடவிக்கொடுத்தார்.

"அண்ணே, அது ஒங்களுக்கு வேணாம்," என்றார் ஹைதர்.

"ஏன் பாய்? எட்டு இஞ்சி போதுமே."

"எல்லாரும் இங்கதாண்ணே சறுக்குவாங்க. எட்டுன்னு போட்டா அலகுக்கும் தூணுக்கும் நடுவுல நாலுதான். பலகைய வட்டமா வெட்டி நடுவுல ஓட்ட போட்டா எட்டு. அந்தக் கணக்கு அது."

தயாளன் நம்பவில்லை. ஹைதர் பழைய பெரிய மிசின் எதையோ தலையில் கட்டப் பார்க்கிறார் என்ற சந்தேகம் தயாளன் முகத்திலேயே எழுதியிருந்தது. மோகனா கைப்பையைத் திறந்தார். பூ கட்டும் நூலை ஒரு துண்டு வெட்டிச் சுற்றி எடுத்து வந்திருந்தார். கதவுப் பலகையின் பாதி அகலத்துக்கு அளந்த நூல். ஒரு நுனியை அலகு நிற்க வேண்டிய இடத்தில் பிடித்து, மறு நுனியைத் தூணில் வைத்தார். நூல் தொளதொளவென்று தொங்கியது.

"எடம் பத்தலீங்க," என்றார்.

கடையின் மூலையில் பச்சை நிறம் வெளுத்த ஒரு மிசின் நின்றது. பதின்மூன்று இஞ்சி. மாக் மண்டினில் இடம் மாறிப்போன ஒரு தொழிற்சாலையிலிருந்து வந்தது. லேசரும் இல்லை, பளபளப்பும் இல்லை, தள்ளினால் நகராத இரும்பு. தலைக்குள் பெல்ட்டை இடம் மாற்றிப் போட்டால் வேகம் குறையும், பெரிய அலகு மரத்தைக் கருக்காமல் நிதானமாகக் குடையும் என்று ஹைதர் மூடியைத் திறந்து காட்டினார். மோகனா அதிலும் நூலைப் பிடித்தார். நூல் விறைப்பாக நின்று, அதற்கப்புறமும் ஒரு விரல் இடம் மிச்சம் இருந்தது.

"இதுதான்," என்றார் மோகனா. தயாளன் சிவப்பு மிசினை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சரியென்று தலையாட்டினார். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அக்காவைக் கட்டி வைத்த மாப்பிள்ளை மாதிரி இருந்தது அவர் முகம்.

மிசினை ஏற்றுமுன் ஹைதர் அதன் சக்கைத் தட்டிக் கழற்றித் தனியாகக் காகிதத்தில் சுற்றினார். சக் என்பது அலகைக் கவ்விப் பிடிக்கும் வாய். "வழியில ஆடி எதுலயாச்சும் இடிச்சிரும்ணே. வீட்டுல வச்சு ரெண்டு தட்டு தட்டுனா கழுத்துல ஏறிக்கும்," என்றார். அதற்கு மேல் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. யாரோ வாடிக்கையாளர் கூப்பிட, அது பேச்சில் அப்படியே போய்விட்டது.

மிசின் வீட்டுக்கு வந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. புதுக் காடி வாங்கினால் பூஜை போடாமல் ஓட்டுவோமா? புது மிசினுக்கும் அப்படித்தான். மோகனா தலைக்குக் குளித்து, சந்தனத்தைப் பன்னீரில் குழைத்து, குங்குமச் சிமிழோடு பட்டறைக்கு வந்தார். இந்த முறை சாமி விஷயத்தில் ஒரு குறையும் வைக்கக்கூடாது என்பது அவர் பிடிவாதம். தூணுக்கு மூன்று பட்டை, பெல்ட் மூடிக்குப் பொட்டு, பிடியின் மூன்று கைக்கும் மூன்று பொட்டு. தலையிலிருந்து கீழே இறங்கும் கூம்பான இரும்புக் கழுத்து மொழுமொழுவென்று வெள்ளியாக மின்னியது. அதுதான் மிசினின் முகம் என்று நினைத்துக்கொண்டார் மோகனா. துருப் பிடிக்கக்கூடாதே என்று நல்லெண்ணெய் ஒரு சொட்டுத் தடவி, சுற்றிலும் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்தார். அரளி மாலை போட்டார். கற்பூரம் காட்டினார். எலுமிச்சம்பழத்தைத் தயாளன் காலால் நசுக்கினார். சாமி கும்பிட்டு முடித்ததும் சக்கை எடுத்துப் பொட்டு வைத்த கழுத்திலேயே ஏற்றி, மரச் சுத்தியால் இரண்டு தட்டு தட்டினார்.

சோதனைப் பலகையில் முதல் ஓட்டை வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. வட்டம் என்றால் அப்படியொரு வட்டம். தயாளன் சின்னப் பிள்ளையாட்டம் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து அதன் வழியாக மோகனாவைப் பார்த்தார். "தெரியுதா?" என்றார். "தெரியுது, தெரியுது. பல்லும் தெரியுது," என்றார் மோகனா. அந்தச் சந்தோஷத்தில் தயாளன் போர்வையை விலக்கி மெராந்திப் பலகையை எடுத்து மேசையில் ஏற்றிவிட்டார். மேல் வரிசை முடிந்தது. நடு வரிசையும் முடிந்தது. மோகனா சமையல்கட்டுக்குப் போனார். கீழ் வரிசையின் கடைசி ஓட்டை முடிந்து அலகை மேலே தூக்கும்போது டக்கென்று ஒரு சத்தம். சக் அலகோடு கழன்று விழுந்து, சுழன்றபடியே பலகையைக் கொத்திக்கொண்டு தரையில் உருண்டது.

பலகையில் வரிசைக்குக் கீழே, இடது ஓரமாக, கட்டைவிரல் புதையும் அளவுக்கு ஒரு பள்ளம்.

தயாளனுக்கு ரத்தம் தலைக்கேறியது. மிசினை நிறுத்தினார், போனை எடுத்தார். "மாக் மண்டின்ல தூக்கிப் போட்ட இரும்ப கேணப்பய தலையில கட்டிட்டீங்க, அப்படித்தானே பாய்? ஒங்கள நம்பி வந்தேன் பாருங்க, என்னச் சொல்லணும். சாமிக் கதவு போச்சு. ஒங்க மிசின நீங்களே வந்து எடுத்துட்டுப் போங்க!" என்று கத்தினார். வாழ்நாளில் யாரிடமும் அவர் அப்படிப் பேசியதில்லை.

"கையில அடி படலயேண்ணே?" என்று கேட்டார் ஹைதர். இல்லை என்றதும், "அஸர் தொழுதுட்டு வரேன்," என்று வைத்துவிட்டார்.

அவர் வருவதற்குள் மோகனா பள்ளத்தைப் பார்த்துவிட்டார். முகம் செத்துப்போயிற்று. "நா ஏதாச்சும் கொற வச்சிட்டேனா? மாலைய மாத்திப் போட்டுட்டேனா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "மிசின்தான் ஓட்ட மிசின், ஒன் பூஜைக்கு என்னா கொறச்சல்?" என்று தயாளன் அதட்டினார். அதட்டல் எடுபடவில்லை. பாசார் நாளில் பார்த்த அதே பயம் மனைவி கண்ணில் மறுபடி வந்து உட்கார்ந்திருந்தது. பலகை போனதைவிட அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

சாயங்காலம் ஹைதர் வேனில் வந்தார். சண்டைக்குத் தயாராக நின்ற தயாளனிடம் சலாம் சொல்லிவிட்டு நேரே மிசினிடம் போய்க் குனிந்தார். கழுத்தைத் தொட்டார். பாக்கெட்டிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து அதைச் சுற்றித் துடைத்தார். சக்கின் உள்பக்கத்துக்குள்ளும் விரலில் துணியைச் சுற்றிவிட்டுத் திருகி எடுத்தார். துணி மஞ்சளாக வந்தது. நடுவில் சிவப்பாக ஒரு தீற்றல். அவர் அதை மூக்கருகே கொண்டுபோனார்.

தயாளனுக்கு அந்த வாசனை இரண்டடி தூரத்திலேயே வந்துவிட்டது.

சக்கைப் பிடித்துக்கொள்ள அந்தக் கழுத்தில் மரையும் கிடையாது, ஆணியும் கிடையாது. கூம்புக்குள் கூம்பு இறுகிப் பிடிப்பதுதான் எல்லாம். காய்ந்த இரும்பும் காய்ந்த இரும்பும் என்றால் ஜென்மத்துக்கும் விடாது. நடுவில் ஒரு சொட்டு எண்ணெய் இருந்தால் போதும், வழுக்கி விழும். இதை ஹைதர் வாய்விட்டுச் சொல்லவில்லை. துணியைக் காட்டி, கழுத்தைக் காட்டி, விரலால் ஒரு வழுக்கு வழுக்கிக் காட்டினார். தயாளன் புரிந்துகொண்டார். அதே சமயம் பின்னால் டீத் தட்டோடு மோகனா வரும் கொலுசுச் சத்தம் கேட்டது. இது மட்டும் தெரிந்தால் இந்தப் பெண் இனிமேல் அந்தச் சாமியறைப் பக்கமே போக மாட்டாள் என்று தயாளன் நினைத்தார்.

"என்னா பாய், மிசின்ல கோளாறா?" என்று கேட்டார் மோகனா.

ஹைதர் துணியை உள்ளங்கைக்குள் சுருட்டினார். "மிசின்ல இல்ல தங்கச்சி, எங்கிட்டதான் கோளாறு. துருப் பிடிக்காம இருக்க அந்தக் கழுத்துல கிரீஸ் தடவி வச்சிருந்தேன். தொடச்சிட்டுக் குடுக்கணும். வயசாவுதுல்ல, மறந்துட்டேன். ஒங்க பலகைய கெடுத்தது நாந்தான். மன்னிச்சிருங்க."

அறுபது வயது மனிதர், செய்யாத தப்புக்குக் கை கட்டி மன்னிப்புக் கேட்டார். அதுவும் காலையில் தன்னைக் கண்டபடி ஏசிய வீட்டில் நின்று. துணியை அவர் கீழேயும் போடவில்லை, அங்கிருந்த குப்பைக் கூடையிலும் போடவில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். மோகனா துணி இருந்த பாக்கெட்டைப் பார்த்தார், ஹைதரைப் பார்த்தார். "பரவால்ல பாய், டீய குடிங்க, ஆறிடும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஹைதர் தின்னர் ஊற்றி இரண்டு இரும்பையும் துடைத்து, காயவைத்து, சக்கை ஏற்றி அடித்தார். பிறகு அதைப் பிடித்துத் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிக் காட்டினார். அசையவில்லை. வேன்வரை கூடப் போன தயாளன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊருக்கெல்லாம் தேங்க்ஸ் சொல்கிற வாய் அன்று பூட்டிக்கொண்டது. "பாய், நா போன்ல..." என்று ஆரம்பித்தார்.

"விடுங்கண்ணே. தொடச்சிட்டு மாட்டுங்கன்னு நா ஒரு வார்த்த சொல்லியிருக்கணும், சொல்லல. பாதித் தப்பு என்னுதுதான். மீதிப் பாதிக்கு என்னா இப்போ? வேலைய பாருங்க," என்று வண்டியைக் கிளப்பிவிட்டார் ஹைதர்.

அன்று இரவு மோகனா சீக்கிரமே போய்ப் படுத்துவிட்டார். மறுநாள் காலை பசியாறும்போது அவராகவே சொன்னார்: "அந்தப் பள்ளம் இருக்கு பாருங்க, அங்கயும் ஒரு ஓட்ட போடுங்க. ஒரு மணி கூட இருந்தா என்னா கொறஞ்சா போயிடும்?" அழுது வீங்கிய கண்ணாகத்தான் இருந்தது. ஆனால் குரலில் பயம் இல்லை. தயாளனுக்கு எதனால் என்று விளங்கவில்லை, விளங்கிக்கொள்ளத் துணிச்சலும் இல்லை. போய்ப் பள்ளத்தின் மேலேயே அலகை இறக்கினார். வரிசையை விட்டுத் தள்ளி ஓர் ஓட்டை, பள்ளிக்கூட அணிவகுப்பில் கால் மாற்றி நின்ற பிள்ளை மாதிரி.

தை முதல் வெள்ளிக்குக் கதவு ஏறியது. ஜோகூரிலிருந்து காமினி குடும்பத்தோடு வந்துவிட்டார். மோகனா விளக்கேற்றிக் கதவைத் திறந்ததும் அத்தனை மணியும் ஒரே சமயத்தில் கிணுகிணுத்தன. வரிசை தவறிய அந்த மணி மட்டும் கதவின் ஓரத்தில் இருந்ததால் ஒரு நொடி பிந்திக் கேட்டது. மோகனா கை கூப்பியபடி நின்று அழுதார், இது வேறு அழுகை. தயாளன் பக்கத்தில் நின்றார். இந்தக் கையும் இந்த மிசினும் இந்த வீடும் இந்தப் பெண்ணும் தனக்கு எப்படி வாய்த்தன என்று நினைக்கையில் அவருக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

மாலையில் ஹைதரும் அவர் மனைவி ரோஹானாவும் சாப்பிட வந்தார்கள். வாழையிலையில் சோறு, சாம்பார், உருளைக்கிழங்குப் பிரட்டல், அப்பளம். ஹைதர் கதவைச் சுற்றிச் சுற்றி வந்து, "ஓட்டைன்னா இது ஓட்ட!" என்று தன் மிசினுக்குத் தானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டார். பாயசம் ஊற்ற வந்த மோகனா முதலில் அவர் கிண்ணத்தில் ஊற்றினார். ஊற்றிவிட்டு நகரவில்லை.

"அண்ணே," என்றார். இத்தனை வருடத்தில் ஹைதரைப் பாய் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். "அன்னிக்குப் பாக்கெட்ல வச்சீங்களே ஒரு துணி, அத குடுத்து விடுங்க. சந்தனக் கறை சாமான்யத்துல போவாது. நா தொவச்சித் தரேன்."

தயாளனின் கை இலையிலேயே நின்றது. ஹைதர், "எந்தத் துணிம்மா?" என்று இழுத்தார்.

"கிரீஸ் எங்கயாச்சும் பன்னீர் வாசம் வீசுமாண்ணே?" என்றார் மோகனா. "டீ கொண்டு வரப்பவே மூக்குல ஏறிடுச்சு. அன்னிக்கு ராத்திரி படுத்து அழுதேன், நா தொட்டதெல்லாம் இப்படி ஆவுதேன்னு. அப்புறம்தான் தோணிச்சு. ஏச்சும் வாங்கிட்டு, பாலம் தாண்டி வந்து, எனக்காக இல்லாத பழிய ஒரு மனுசன் தூக்கிட்டுப் போறாரு. சாமிக்கு எம்மேல கோவம்னா ஒங்கள அனுப்பியிருக்குமா? அன்னியோட அந்தப் பயம் எனக்கு விட்டுப் போச்சுண்ணே. வெளக்கேத்த மறந்தாலும் இனிமே பயப்பட மாட்டேன்."

ஹைதர் குனிந்து பாயசத்தைக் கிளறினார். ரோஹானா அவரைப் பார்த்துச் சிரித்தார். அந்தத் துணி எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரிந்தவர் போலிருந்தது அந்தச் சிரிப்பு.

"அது எங்கிட்டயே கெடக்கட்டும் தங்கச்சி," என்றார் ஹைதர் கடைசியாக. "வாசமா இருக்கு."

தயாளன் ஹைதரைப் பார்த்தார், மோகனாவைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். பிறகு கூச்சத்தையெல்லாம் ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு, தேவைக்கு அதிகமான சத்தத்தில், "தேங்க்ஸ்," என்றார்.

மோகனா கரண்டியோடு திரும்பினார். "யாருக்குச் சொல்றீங்க? டோல் கட்டைக்கா?"

"ஒனக்குத்தான்லா," என்றார் தயாளன். "எல்லாத்துக்கும்."

மோகனா பாயசப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.